ஒரே லீகிலிருந்து மூன்று அணிகள்: 1984–85 பிக் ஈஸ்ட் சீசன் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2024 முதல் 'அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்' என்ற லீகில் ஆடுகிறது. பசிபிக் கரையோரக் கல்லூரிக்கு அட்லாண்டிக் கரையில் என்ன வேலை? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது. இரண்டாவது குழப்பம் ஒவ்வொரு மார்ச் மாதமும் வரும்: சொந்த லீகிலேயே வரிசையாகத் தோற்ற அணி ஒன்று தேசியப் போட்டியில் வரிசையாக ஜெயிக்கிறது, அது எப்படி?

இரண்டு கேள்விக்கும் விடை தரக்கூடிய ஒரு சீசன் இருக்கிறது. 1984–85ல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடிய ஒன்பது அணிகளில் மூன்று, நாட்டின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தன. அதற்கு முன்பு எந்த லீகும் அதைச் செய்ததில்லை. 2025ல் 14 அணிகளைத் தேசியப் போட்டிக்கு அனுப்பிச் சாதனை படைத்த சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்கூட கடைசி நான்குக்கு இரண்டைத்தான் கொண்டுபோக முடிந்தது. போதாக்குறைக்கு, அந்த 1985ல் கோப்பையைத் தூக்கியது பிக் ஈஸ்டின் முதல் அணியும் இல்லை, இரண்டாவது அணியும் இல்லை.

முதலில் அடிப்படை: கான்ஃபரன்ஸ் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் முதல்தரக் கூடைப்பந்து ஆடுகின்றன. எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் கல்லூரிகள் சேர்ந்து கூட்டமைப்பு வைத்துக்கொள்கின்றன. அதுதான் கான்ஃபரன்ஸ். ஒரு சீசன் மூன்று கட்டமாக ஓடும்.

1. லீக் ஆட்டங்கள். கான்ஃபரன்ஸுக்குள் அணிகள் ஒன்றோடொன்று மோதும். 1984–85 பிக் ஈஸ்டில் ஒன்பது அணிகள். ஒவ்வொன்றும் மற்ற எட்டோடு தலா இரண்டு முறை, சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என 16 ஆட்டங்கள். அட்டவணையில் யாருக்கும் சலுகை கிடையாது.

2. கான்ஃபரன்ஸ் கோப்பை. லீக் முடிந்ததும் ஒரு வாரத்தில் நடக்கும் நாக்-அவுட். இதில் ஜெயிக்கும் அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் உறுதி.

3. தேசியப் போட்டி. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு நடத்துவது. கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் போக மீதி இடங்களுக்கு ஒரு தேர்வுக் குழு அணிகளை அழைக்கும். 1985ல்தான் முதன்முறையாக 64 அணிகள். நான்கு பிராந்தியம், பிராந்தியத்துக்கு 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 16 வரை தர எண் (1தான் மிக உயர்ந்தது). ஒரு தோல்வி, அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. 1974 வரை ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே அணிதான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். 1975ல் அந்த விதி தளர்ந்தது. பழைய விதி நீடித்திருந்தால் 1985ல் பிக் ஈஸ்டிலிருந்து ஜார்ஜ்டவுன் மட்டும் போயிருக்கும். விதி மாறியதால் ஆறு அணிகள் போயின. ஒன்பதில் ஆறு!

தொலைக்காட்சிக்காகப் பிறந்த லீக்

பிக் ஈஸ்ட் 1979ல் உருவானது. அதற்கு முன் அமெரிக்காவின் வடகிழக்கில் பெரிய கூடைப்பந்துக் கல்லூரிகள் பல இருந்தும் அவற்றை இறுக்கிக் கட்டும் லீக் இல்லை. பிராவிடன்ஸ் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்து நிர்வாகத்துக்கு வந்த டேவ் கேவிட் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நகரங்களை எண்ணினார். நியூயார்க்குக்கு செயின்ட் ஜான்ஸ். வாஷிங்டனுக்கு ஜார்ஜ்டவுன். பாஸ்டனுக்கு பாஸ்டன் காலேஜ். நியூஜெர்சிக்கு ஸீட்டன் ஹால். அப்புறம் சிரக்யூஸ், கனெக்டிகட், பிராவிடன்ஸ். ஃபிலடெல்ஃபியாவுக்காக 1980ல் வில்லனோவா. 1982ல் பிட்ஸ்பர்க்கும் சேர்ந்தது. கல்லூரியின் பெருமையைப் பார்த்த அளவுக்கு, அந்த ஊரில் எத்தனை வீட்டில் டிவி ஓடுகிறது என்பதையும் அவர் பார்த்தார். ஈஎஸ்பிஎன் சேனல் தொடங்கியதும் அதே 1979ல்தான். ஒளிபரப்ப ஆட்டம் தேடிய சேனலும் ஒளிபரப்ப ஆள் தேடிய லீகும் ஒன்றையொன்று வளர்த்தன. 1983 முதல் கான்ஃபரன்ஸ் கோப்பை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கே வந்துவிட்டது.

இதன் நேரடி விளைவு: வடகிழக்கு நகரங்களில் வளர்ந்த சிறந்த பையன்கள் கரோலினாவுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போகாமல் பக்கத்திலேயே தங்கினார்கள். வீட்டில் அம்மாவும் டிவியில் பார்க்கலாம், ஊரும் பார்க்கும்.

யார் யார் ஆடினார்கள்?

முதல் பெயர் பேட்ரிக் யூயிங். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, சிறுவனாக மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜுக்கு வந்தவர். ஏழடி உயரம். ஜார்ஜ்டவுனில் அவர் ஆடிய நான்கு ஆண்டுகளில் மூன்று முறை அணி தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனது: 1982ல் நார்த் கரோலினாவிடம் 63–62 என்று ஒரே புள்ளியில் தோல்வி, 1984ல் ஹூஸ்டனை 84–75 என்று வென்று கோப்பை, 1985ல் நாம் பேசப்போகும் ஆட்டம். யூயிங்கின் மதிப்பு அவர் எடுத்த புள்ளிகளில் அடங்காது. அவர் கூடைக்கு அடியில் நிற்கிறார் என்பதாலேயே எதிரணி உள்ளே வரத் தயங்கும், தூரத்திலிருந்து அவசரப்பட்டு எறியும்.

அந்த நான்கு ஆண்டுகளும் அவருக்குச் சுகமாக இருக்கவில்லை. எதிரணி அரங்குகளில் அவரைப் படிக்கத் தெரியாதவர் என்று கேலி செய்யும் பதாகைகளைத் தூக்கினார்கள். வாழைப்பழத் தோலை மைதானத்தில் வீசினார்கள். அது விளையாட்டுக் கிண்டல் கணக்கில் சேராது, அப்பட்டமான இனவெறி. பயிற்சியாளர் ஜான் தாம்ஸன் தன் வீரர்களைப் பத்திரிகையாளர்களிடமிருந்து தள்ளியே வைத்தார். அதற்காகத் திமிர் பிடித்தவர் என்று அவரைத் திட்டினார்கள். காற்றுப் போன ஒரு கூடைப்பந்தை மேஜைமேல் வைத்திருந்தவர் அவர். பந்தில் காற்றுப் போன பிறகு உனக்கு என்ன மிஞ்சும் என்று பையன்களைக் கேட்பதற்காக. 1984ல் தேசியக் கோப்பை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும் அவர்தான்.

இரண்டாவது பெயர் கிறிஸ் மல்லின். புரூக்ளின் பையன், இடதுகைக்காரர். வேகமும் கிடையாது, துள்ளலும் கிடையாது. ஆனால் பந்து கையை விட்டுப் போனால் பெரும்பாலும் வளையத்துக்குள்தான். செயின்ட் ஜான்ஸுக்காக நான்கு ஆண்டுகளில் 2,440 புள்ளிகள். 1985ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான வுடன் விருது அவருக்கு. பிக் ஈஸ்டின் சிறந்த வீரர் விருதை மட்டும் 1984, 1985 இரண்டு ஆண்டும் யூயிங்கோடு பகிர்ந்துகொண்டார். இவரா அவரா என்று லீகாலேயே தீர்மானிக்க முடியவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். செயின்ட் ஜான்ஸில் மல்லினோடு ஆடிய வால்டர் பெர்ரி மறு ஆண்டே வுடன் விருதை வாங்கினார். அதே அணியின் மார்க் ஜாக்ஸன், பில் வென்னிங்டன் இருவரும் பின்னாளில் தொழில்முறை லீகான என்பிஏவில் நீண்டகாலம் ஆடினார்கள். சிரக்யூஸில் 'பேர்ல்' என்று செல்லப்பெயர் பெற்ற டுவெய்ன் வாஷிங்டன் இருந்தார். எதிராளியைப் பந்தோடு ஏமாற்றி நகர்வதில் அந்த லீகில் அவருக்கு நிகர் இல்லை. பெய்ரூட்டில் பிறந்த ரோனி சைக்கலி அங்கே முதலாண்டு மாணவர். பிட்ஸ்பர்க்கில் சார்ல்ஸ் ஸ்மித்தும் முதலாண்டு. இவர்களுக்கு நடுவே, வில்லனோவாவில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எட் பிங்க்னி, டுவெய்ன் மெக்லெய்ன், கேரி மெக்லேன் ஆகிய மூவரைப் பற்றி அந்தக் குளிர்காலத்தில் நாடு அதிகம் பேசவில்லை.

நான்கு முறை மோதிய இரண்டு அணிகள்

1985 ஜனவரி 26 அன்று, தொடர்ந்து 29 ஆட்டங்கள் வென்றிருந்த ஜார்ஜ்டவுனை அதன் சொந்த அரங்கிலேயே செயின்ட் ஜான்ஸ் 66–65 என்று தோற்கடித்தது. இரண்டே நாளில் சிரக்யூஸும் 65–63 என்று வென்றது. தேசியத் தரவரிசையின் முதல் இடம் செயின்ட் ஜான்ஸ் கைக்குப் போனது.

செயின்ட் ஜான்ஸ் பயிற்சியாளர் லூ கார்னெசெக்கா அந்த நாட்களில் பளிச்சென்ற கோடுகள் போட்ட ஒரு ஸ்வெட்டரை அணிந்து வருவார். அழகான ஸ்வெட்டர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது வந்த பிறகு அணி தோற்கவே இல்லை, அதனால் அவரும் கழற்றவில்லை. பிப்ரவரி 27, மேடிசன் ஸ்கொயர் கார்டன். முதல் இடத்து அணியும் இரண்டாம் இடத்து அணியும் மோதும் இரவு. ஜான் தாம்ஸன் கோட்டை மூடிக்கொண்டு உள்ளே வந்தார், கார்னெசெக்காவுக்கு எதிரே நின்று அதைத் திறந்து காட்டினார். உள்ளே அதே ஸ்வெட்டரின் கோடுகள் போட்ட சட்டை! அரங்கமே சிரித்தது. பிறகு ஜார்ஜ்டவுன் 85–69 என்று வென்று, செயின்ட் ஜான்ஸின் 19 ஆட்ட வெற்றித் தொடரை முடித்தது.

இருந்தும் லீக் அட்டவணையில் செயின்ட் ஜான்ஸ்தான் முதலிடம்: 15 வெற்றி, 1 தோல்வி. ஜார்ஜ்டவுன் 14–2. கான்ஃபரன்ஸ் கோப்பை இறுதியில் மூன்றாம் முறை மோதல், ஜார்ஜ்டவுன் 92–80. தேசிய அரையிறுதியில் நான்காம் முறை, ஜார்ஜ்டவுன் 77–59. அன்று மல்லினுக்குக் கிடைத்தது வெறும் 8 புள்ளிகள். செயின்ட் ஜான்ஸ் சீசனை 31–4 என்று முடித்தது. அந்த நான்கு தோல்வியில் மூன்று ஒரே அணியிடம்.

ஒரே எதிரியைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால் ஆச்சரியம் தீர்ந்துபோகும், யாரிடமும் ஒளித்துவைக்க எதுவும் மிஞ்சாது. ஜார்ஜ்டவுன் மல்லினை எப்படி அடக்குவது என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றது. அதே பாடத்தை இன்னொரு அணி ஜார்ஜ்டவுனை வைத்தே கற்றுக்கொண்டிருந்தது.

வில்லனோவா: அதிசயம் என்பது ஏன் அரைகுறை விளக்கம்?

வில்லனோவா லீகில் 9–7. சிரக்யூஸும் அதே கணக்கு. முதலிடத்துக்கு ஆறு வெற்றி தூரம். மார்ச் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 85–62 என்று தோற்றபோது, பயிற்சியாளர் ரோலி மாஸிமினோ பிரதான ஐந்து பேரையும் இரண்டாம் பாதியில் வெளியே உட்கார வைத்துவிட்டார். அந்த அணிதான் ஒரு மாதத்தில் சாம்பியன். தேசியப் போட்டியில் அதன் தர எண் 8. தேர்வுக் குழுவின் கண்ணில் நாட்டிலேயே 29க்கும் 32க்கும் இடைப்பட்ட ஓர் அணி என்று பொருள். அவ்வளவு கீழான தர எண்ணோடு வந்து கோப்பை வென்ற அணி அதற்குப் பின்னும் வரவில்லை.

இதை விளக்க மூன்று காரணங்கள் இருக்கின்றன. என் கணிப்பில் இரண்டாவதுதான் முக்கியமானது, மூன்றாவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள்.

1. நெருக்கமான ஆட்டம் பழகிய அணி. தேசியப் போட்டியில் வில்லனோவாவின் பாதையைப் பாருங்கள்: டேட்டனை அதன் சொந்த ஊரிலேயே 51–49, மிச்சிகனை 59–55, மேரிலாண்டை 46–43, நார்த் கரோலினாவை 56–44, மெம்ஃபிஸ் ஸ்டேட்டை 52–45. இறுதி ஆட்டத்தையும் சேர்த்தால் ஆறு ஆட்டத்தில் 330 புள்ளி எடுத்து 300 கொடுத்திருக்கிறது. சராசரியாக 55–50. அதிரடி எதுவும் இல்லை. கடைசி நிமிடத்தில் பதறாமல் இருந்ததுதான் வித்தியாசம். அந்தப் பழக்கம் பிக் ஈஸ்ட் அரங்குகளில் தோற்றுத் தோற்று வந்தது.

2. ஜார்ஜ்டவுனை அறிந்த அணி. மற்ற எதிரிகளுக்கு ஜார்ஜ்டவுன் ஒரு பூதம். முழு மைதானத்திலும் நெருக்கிப் பிடிக்கும் அதன் தடுப்பாட்டத்தை முதல்முறை பார்க்கிற அணி பத்து நிமிடத்தில் திணறிவிடும். வில்லனோவா அந்த சீசனில் இரண்டு முறை ஜார்ஜ்டவுனிடம் தோற்றிருந்தது: கூடுதல் நேரத்தில் 52–50, பிறகு 57–50. மொத்தம் 85 நிமிட ஆட்டத்தில் 9 புள்ளி வித்தியாசம். தோற்றவர்கள் என்று பார்த்தால் இரண்டு தோல்வி. ஆனால் உள்ளே ஆடியவர்களுக்கு அந்த இரண்டு ஆட்டமும் எட்டிப்பிடிக்கும் தூரம்தான் என்று காட்டின. பிங்க்னி யூயிங்கை நான்கு ஆண்டுகளாக எதிர்த்து நின்றவர். அந்தப் பழக்கத்தை மிச்சிகனோ நார்த் கரோலினாவோ பணம் கொடுத்து வாங்க முடியாது.

3. ஷாட் கிளாக் இல்லாதது. பந்தைப் பிடித்த அணி இத்தனை நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் தேசியப் போட்டியில் இல்லை. நல்ல வாய்ப்பு வரும்வரை பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். பலம் குறைந்த அணிக்கு இது வரம்: ஆட்டத்தில் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய, பலமுள்ள அணியின் பலம் வெளிப்படும் சந்தர்ப்பமும் குறைகிறது.

ஏப்ரல் 1, லெக்ஸிங்டன்

கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டன் நகர், ரப் அரினா. தேசிய இறுதி ஆட்டம், வில்லனோவாவும் ஜார்ஜ்டவுனும். எண்களை முதலில் வைத்துவிடலாம். வில்லனோவா கூடையை நோக்கி எறிந்தது 28 முறை, விழுந்தது 22. அதாவது 78.6 சதவீதம். இரண்டாம் பாதியில் 10க்கு 9. ஜார்ஜ்டவுன் மோசமாக ஆடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: 53 எறிந்து 29 விழுந்தது, இது எந்த இறுதி ஆட்டத்திலும் நல்ல கணக்குதான். பந்தைப் பறிகொடுத்ததில்கூட வில்லனோவாதான் மோசம், 17க்கு 11. ஆனால் ஃப்ரீ த்ரோவில் (எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) வில்லனோவா 27க்கு 22. ஜார்ஜ்டவுனுக்குக் கிடைத்ததே 8, விழுந்தது 6. வில்லனோவாவின் 22ல் 19 இரண்டாம் பாதியில் வந்தவை. 78.6 என்ற எண்ணையே பேசுகிறவர்கள் இந்த 19ஐ விட்டுவிடுகிறார்கள். பந்தைக் கையிலேயே வைத்திருக்கும் அணியிடமிருந்து பிடுங்கப் போனால் ஃபவுல் ஆகும், ஃபவுல் ஆனால் ஃப்ரீ த்ரோ. மூன்றாவது காரணம் இங்கேதான் வேலை செய்தது.

பாதியில் 29–28, வில்லனோவா முன்னிலை. கடைசிக் கட்டத்தில் ஜார்ஜ்டவுன் 54–53 என்று முந்தியது. பந்தும் அவர்களிடமே. ஷாட் கிளாக் இல்லாத வசதியை அவர்களும் பயன்படுத்தி, நேரத்தைக் கடத்தப் பார்த்தார்கள். ஒரு பாஸ் சொந்த அணிக்காரர் காலில் பட்டுச் சிதறியது, வில்லனோவா எடுத்துக்கொண்டது. இப்போது வில்லனோவா அவசரப்படவில்லை. பந்து சுற்றிச் சுற்றி வலப்பக்கம் ஹெரால்ட் ஜென்ஸனிடம் வந்தது. அவர் தொடக்க ஐவரில் ஒருவர்கூட இல்லை, மாற்று வீரர். ஒரு கணம் தயங்கி எறிந்தார். 55–54. அந்த இரவு ஜென்ஸன் ஐந்து முறை எறிந்தார், ஐந்தும் உள்ளே. கடைசி இரண்டு நொடியில் எல்லைக்கு வெளியிலிருந்து வந்த பந்தை டுவெய்ன் மெக்லெய்ன் தரையில் விழுந்தபடி பிடித்தார். எழுந்திருக்கவே இல்லை, பந்தை அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். 66–64.

மெக்லெய்ன் 17, பிங்க்னி 16, ஜென்ஸன் 14, பிரெஸ்லி 11, மெக்லேன் 8. ஐந்தே பேர் சேர்ந்து எடுத்த 66 அது. யூயிங் 14. போட்டியின் சிறந்த வீரர் பிங்க்னி.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

விதிகள் உடனே மாறின. 1985–86 முதல் நாடு முழுவதும் 45 நொடி ஷாட் கிளாக். மறு ஆண்டு, தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடு. இந்த மாற்றங்கள் ஏற்கெனவே பல லீகுகளில் சோதிக்கப்பட்டுவந்தவைதான், வில்லனோவாவால் வந்தவை என்று சொல்வது சரியாகாது. ஆனால் அந்த வகை ஆட்டத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பாக அமைந்தது.

வீரர்களைப் பொறுத்தவரை, அந்த மே மாதம், புது வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்த அணிக்கு என்பதை என்பிஏ முதன்முறையாகக் குலுக்கல் முறையில் முடிவு செய்தது. நியூயார்க் நிக்ஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது, யூயிங் அங்கே போனார். மல்லின் 7வது, பிங்க்னி 10வது தேர்வு. யூயிங்கும் மல்லினும் 1984, 1992 இரண்டு ஒலிம்பிக் தங்கத்திலும் ஒன்றாக ஆடினார்கள். இருவரும் பின்னாளில் தங்கள் பழைய கல்லூரிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார்கள்.

யூயிங், மல்லின், பிங்க்னி மூவரும் ஒரே கல்லூரியில் நான்கு ஆண்டு இருந்தவர்கள். இன்று அது அபூர்வம். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், கல்லூரி மாறுவதும் எளிது. சம்பாதிக்கும் உரிமை நியாயமானது, அது எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே எதிரியை நான்கு குளிர்காலம் சந்திக்கும் அனுபவம் அதனால் குறைந்துவிட்டது என்பதும் உண்மைதான்.

அப்புறம், ஸ்டான்ஃபோர்ட் கேள்வி. டிவி பார்வையாளர்களை எண்ணிக் கட்டப்பட்ட லீக், டிவி பணத்தாலேயே கலைந்தது. கல்லூரி விளையாட்டில் பெரும்பணம் அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. 1982ல் பென் ஸ்டேட் சேரக் கேட்டபோது பிக் ஈஸ்ட் மறுத்தது. கால்பந்தைக் கையில் எடுத்தது 1991ல்தான். பாஸ்டன் காலேஜ் 2005ல் அட்லாண்டிக் கோஸ்டுக்குப் போனது, சிரக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் 2013ல். அதே ஆண்டு ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா உட்பட ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனையும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு தனி லீகாகப் பிரிந்தன. மேற்குக் கரையின் பேக்-12 லீக் 2024ல் சிதறியதும் இதே காரணத்தால்தான். கால்பந்து ஒளிபரப்பு ஒப்பந்தம் எங்கே பெரிதோ அங்கே கல்லூரிகள் ஓடின. கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பிக் டென் லீகுக்கு, ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் கோஸ்டுக்கு.

எதிர்த்திசையில் போன கல்லூரியும் ஒன்று உண்டு. கனெக்டிகட் 2020ல் கூடைப்பந்துக்காகவே பிக் ஈஸ்டுக்குத் திரும்பி வந்தது. கால்பந்து அணியை எந்த லீகிலும் சேர்க்காமல் தனியாக விட்டது. 2023லும் 2024லும் தேசியக் கோப்பை அதற்குத்தான்.